ஒன்பதாம் விதியும் பன்னிரண்டு கொப்பிகளும்

அச்சுவேலி,
12.03.1994

திரு. ச. லியோன் அவர்கட்கு,

எங்கள் கல்லூரியின் புதிய பட்டப்படிப்புத் திட்டத்தை இத்துடன் அனுப்புகிறேன். கொழும்பில் அதை மதிப்பாய்வு செய்யப்போகும் மூவர் குழுவில் நீங்களும் ஒருவர் என்று நேற்றுத்தான் அதிபர் சொன்னார். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் அது பொய். "வேறை ஆளே கிடைக்கேல்லையோ?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

விலங்கியல் பகுதியை விட்டு நீங்கள் போய் ஐந்து வருடமாகிறது. போவதற்கு முந்திய மாதம் ஆசிரியர் கூட்டத்தில் வகுப்பில் வாராவாரம் போடும் புள்ளியையும் சேர்க்கும் இதே யோசனையை நான் சொன்னபோது, "உது தெரிஞ்ச முகத்துக்குப் போடுற புள்ளி, மிஸ்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். "பிள்ளையளின்ரை முகத்தைப் பாக்கப் பயப்பிடுறவர் ஏன் படிப்பிக்க வந்தனீங்கள்?" என்று நானும் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளாமலே கொழும்புக்குப் போய்விட்டீர்கள். நான் அதை மறக்கவில்லை. மறந்தது போல நடிக்கவும் எனக்கு வராது.

ஆனால் இந்தத் திட்டம் என் வீட்டுச் சொத்தல்ல. இப்போதுள்ள முறையில் பிள்ளை நான்கு வருடம் படித்து, கடைசியில் எட்டுப் பேப்பரையும் ஒரே தடவையில் எழுத வேண்டும். ஒன்று தவறினால் எட்டும் செல்லாது. சண்டை இல்லாத ஊருக்கு எழுதிய சட்டம் இது. நாங்கள் நான்கு வருடத்தை எட்டு அரையாண்டாகப் பிரித்து, பாடங்களைச் சின்னச் சின்ன அலகுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று வைத்திருக்கிறோம். நூற்றிருபது கிரெடிட் சேர்ந்தால் பட்டம். ஒரு அலகை முடித்தால் முடித்ததுதான். அடுத்த வாரம் ஊரே இடம்பெயர்ந்தாலும் அந்தக் கிரெடிட்டை ஒருவரும் பறிக்க முடியாது.

ஒன்பதாம் விதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். பழைய முறையில் படித்து அந்தரத்தில் நிற்கும் பன்னிரண்டு பேருக்காக எழுதியது அது. அவர்கள் ஏற்கெனவே சித்தியடைந்த பேப்பர்களைக் கிரெடிட்டாக மாற்றிக் கொடுக்கலாம் என்கிறது.

தாள் கிடைக்காததால் பழைய விடைத்தாள்களின் மறுபக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறோம். பின்பக்கத்தை வாசித்துப் புள்ளி போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஏ. குணலட்சுமி
பாடத்திட்டக் குழு

---

வெள்ளவத்தை,
20.04.1994

அன்புள்ள மிஸ் குணலட்சுமிக்கு,

திட்டம் கிடைத்தது. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த ஒருவர் இடுப்புச் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். முதல் பத்துப் பக்கமும் உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தன. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

வேலை நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமில்லை. ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி நேர விரிவுரை என்றது சரி. ஆனால் அரையாண்டு பதினேழு வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். எல்லா இடத்திலும் பதினைந்துதான். தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்.

தொடர் மதிப்பீட்டுக்கு நாற்பது, இறுதிப் பரீட்சைக்கு அறுபது என்ற பங்கீட்டை நான் இப்போதும் ஏற்கவில்லை. சுட்டெண் போட்டு எழுதும் பரீட்சையில் பிள்ளை யார், யாருடைய மகள் என்று திருத்துபவருக்குத் தெரியாது. வகுப்பில் வாராவாரம் போடும் புள்ளி அப்படியல்ல. சின்ன ஊர் எங்களுடையது. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

ஒன்பதாம் விதியை நீக்கிவிடும்படி கேட்கிறேன். காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த விதிக்கு நான் கையெழுத்து வைத்தால் நாளைக்கு என்ன கதைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்புடன்,
ச. லியோன்

---

அச்சுவேலி,
23.05.1994

லியோன் சேருக்கு,

பதினேழு வாரம் தட்டச்சுப் பிழையல்ல. பதினைந்து வாரம் படிப்பதற்கு, இரண்டு வாரம் ஓடுவதற்கு. ஒவ்வொரு அரையாண்டும் அந்த இரண்டு வாரமும் எப்படியோ செலவாகிவிடுகிறது. கொழும்பில் இருந்து கணக்குப் பார்த்தால் தெரியாது.

இனி ஒன்பதாம் விதிக்கு வருகிறேன். நான் ஒரு வாரம் பொறுத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்றே எழுதியிருந்தால் நீங்கள் வாசித்து முடித்திருக்க மாட்டீர்கள்.

ஓம், உங்கள் தங்கச்சி யசிந்தா அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. 1990 ஆனியில் மூன்று பேப்பர் எழுதியிருந்தாள். நான்காவது பேப்பருக்கு முதல் நாள் சண்டை தொடங்கியது. குருநகரில் வீட்டை விட்டு, உங்கள் அம்மாவையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அச்சுவேலிக்கு வந்தாள். மிச்சம் ஐந்து பேப்பரையும் 1992இல் வைத்தோம். ஐந்திலும் சித்தி. ஆனால் மூன்றும் ஐந்தும் ஒரே தடவையில் எழுதவில்லை என்பதால் எட்டும் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. மற்றப் பதினொரு பேரின் கதையும் இதேதான். ஒருவர் இப்போது தகப்பனோடு புகையிலைக்குத் தண்ணீர் கட்டுகிறார். ஒருத்தி தையல் வேலை செய்கிறாள். யசிந்தா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். பட்டம் இருந்தால் நாளைக்கே ஆசிரியை வேலை. இல்லாவிட்டால் எட்டு வருடமாக என்ன செய்தாய் என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கச்சி என்பதற்காக அவளுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஆனால் அவள் உங்கள் தங்கச்சி என்பதற்காக மற்றப் பதினொரு பேரையும் கடலில் தள்ளுவது எந்த ஊர் நீதி? கையெழுத்து வைக்கப் பயமாக இருந்தால் அந்த ஒரு விதிக்கு மட்டும் ஒதுங்கி நில்லுங்கள். மற்ற இருவர் முடிவு செய்யட்டும். இதற்கு ஒரு பெரிய மூளை தேவையில்லையே.

கோபத்தோடுதான்,
குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
30.06.1994

அன்புள்ள மிஸ் குணலட்சுமிக்கு,

நீங்கள் சொன்னது சரி. ஒதுங்கி நிற்கலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. தோன்றியும் பிடிக்காமல் விட்டிருப்பேன்.

குழுத் தலைவர் பேராசிரியர் சீவரத்தினத்திடம் விடயத்தைச் சொன்னேன். ஒன்பதாம் விதியை எடுத்துக்கொண்டபோது நான் அறையில் இருக்கவில்லை. அவரும் மற்ற உறுப்பினரும் ஏற்றுக்கொண்டார்கள். பதினேழு வாரத்துக்கு உங்கள் விளக்கத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அதுவும் நிறைவேறியது. நாற்பதுக்கு அறுபது பற்றி நான் இரண்டு மணி நேரம் வாதாடித் தோற்றேன். தோற்றதில் பெரிய கவலையும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. புதிய முறையில் செய்முறையும் தனி அலகு. பழைய முறையில், ஆய்வுகூடத்தில் படம் கீறி எழுதும் செய்முறைக் கொப்பியை ஒப்படைத்தால் போதும், அதன் புள்ளி எதற்கும் சேராது. இனி அது சேர வேண்டும். ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரும் முதல் மூன்று வருடமும் செய்த முப்பது பயிற்சிகளின் கொப்பி வேண்டும். அதில் ஆசிரியர் போட்ட புள்ளி நூற்றுக்கு நாற்பத்தைந்துக்குக் குறையக்கூடாது. ஆய்வுகூடம் இல்லாமல் இப்போது அந்தப் பயிற்சிகளைத் திரும்பச் செய்ய முடியாது என்பதையும் சொன்னேன். அதனால்தான் கொப்பி என்றார்கள்.

கொப்பிகள் இருக்குமா?

அன்புடன்,
லியோன்

---

அச்சுவேலி,
14.08.1994

அன்புள்ள லியோன் சேருக்கு,

இருந்தன! பன்னிரண்டும் இருந்தன. எனக்கே நம்ப முடியவில்லை. நாலு வருடமாக வீட்டுக் கூரையும் கதவும் போன இடத்தில் இந்தப் பிள்ளைகள் தவளையின் குடலும் நண்டின் காலும் கீறிய கொப்பியைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். ஒன்று நெல் மூட்டைக்குள் இருந்தது. இன்னொன்றை ஒரு வீட்டில், தங்கச்சிமார் படம் பார்த்துக் கீறப் பழகியதால் வண்ணப் பென்சில் அடித்து வைத்திருந்தார்கள். உங்கள் அம்மா லூர்த்தம்மா யசிந்தாவின் கொப்பியைத் தந்தபோது, "லியோன் புள்ளி போட்டது, பத்திரம் பிள்ளை" என்றார்.

முப்பது பயிற்சிக்கும் நீங்களே போட்ட சிவப்பு மைப் புள்ளி, திகதியோடு இருக்கிறது. வஞ்சகம் இல்லாத கஞ்சத்தனம். பன்னிரண்டு பேரில் ஒருவரும் அறுபதைத் தாண்டவில்லை. இருந்து கூட்டினேன். அதிபரும் தனியாகக் கூட்டினார். பதினொரு பேர் சித்தி.

0417 மட்டும் நாற்பத்திரண்டு.

அந்தச் சுட்டெண் யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சந்தையில் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். உங்களிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
10.09.1994

அன்புள்ள மிஸ் குணலட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. விதி விதிதான். நாற்பத்தைந்தை யாருக்காகவும் குறைக்க வேண்டாம். பதினொரு பேரின் பட்டியலை அனுப்பிவையுங்கள்.

லியோன்

---

வெள்ளவத்தை,
13.09.1994

அன்புள்ள மிஸ் குணலட்சுமிக்கு,

மூன்று நாளைக்கு முன் அனுப்பிய கடிதம் இதற்கு முதல் வந்து சேர்ந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

அந்த நாற்பத்திரண்டு அவளுடைய புள்ளி அல்ல. நான் குறைத்துப் போட்ட புள்ளி.

1986இல் அவள் முதல் வருடம் வந்து சேர்ந்த வாரமே ஆசிரியர் அறையில் ஒருவர், "இனியென்ன, தங்கச்சிக்கு முதலாம் வகுப்புத்தான்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கடலுக்குப் போகிற குடும்பத்தில் இருந்து அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். நான் எப்போது சறுக்குவேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். உண்மையில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு பயிற்சிக்கும் முதலில் சரியான புள்ளியை மனதில் போட்டுவிட்டு, பத்துக்கு இரண்டு குறைத்துத்தான் எழுதினேன். முப்பது பயிற்சிக்கும் அப்படியே. அந்தப் புள்ளி எதற்கும் சேராது, அதனால் யாருக்கும் கெடுதலில்லை என்று நினைத்தேன். அப்படிச் செய்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது. நேர்மையான மனுசன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குறைக்காமல் போட்டிருந்தால் அவளுக்கு அறுபத்திரண்டு வந்திருக்கும். வகுப்பில் முதலாவது அவள்தான்.

தெரிந்த முகத்துக்குப் போடுகிற புள்ளி என்று உங்களைப் பார்த்துச் சொன்னவன் நான். தெரிந்த முகத்துக்குப் பொய்ப் புள்ளி போட்டவன் அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கும், சொல்லாமல் வந்ததற்கும் சேர்த்து.

தலைவருக்கு இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். பரீட்சகர் பட்டியலில் இருந்து என் பெயரை வெட்டினால் வெட்டட்டும். ஆனால் என் வாயால் அறுபத்திரண்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அண்ணன் தங்கச்சிக்குக் கூட்டிக் கொடுக்கிறான் என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு எப்படி நியாயம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

லியோன்

---

அச்சுவேலி,
25.10.1994

அன்புள்ள லியோன் சேருக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முந்தியதை வாசித்து அரிசிப் பானையை அடுப்பில் வைத்ததையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். பிந்தியதை வாசித்ததும் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன். அன்று நான் கரிச் சோறு சாப்பிட்டேன். இந்த இரண்டு மாதத்தில் நிம்மதியாகச் சாப்பிட்ட முதல் சோறு அதுதான்.

ஏன் நிம்மதி என்றால், நானும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்த நாற்பத்திரண்டை எழுதிய மறுநாள் ஒன்பதாம் விதியின் பக்கத்தை எடுத்து, நாற்பத்தைந்து என்று இருந்த இடத்தில் நாற்பது என்று மாற்றித் தட்டச்சு செய்தேன். ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். பிறகு கிழித்துவிட்டேன். நீங்கள் குறைத்தீர்கள், நான் கூட்டப் பார்த்தேன். ஆக மொத்தம் இரண்டு பேரும் ஒரே வேலைதான் செய்திருக்கிறோம். பெரிய உபதேசம் செய்ய எனக்கும் வாயில்லை.

வழி இருக்கிறது. பன்னிரண்டு கொப்பியையும் உங்களையும் என்னையும் பிள்ளைகளையும் தெரியாத ஒருவர் முதலில் இருந்து திருத்தட்டும். வட்டுக்கோட்டையில் தியாகலிங்கம் சேர் இருக்கிறார். முப்பது வருடம் மலேசியாவில் விலங்கியல் படிப்பித்துவிட்டு வந்தவர், எங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் கண்டதில்லை. அவள் கொப்பியை மட்டும் கொடுத்தால் கதை வரும். பன்னிரண்டையும் கொடுத்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இதனால் மற்றப் பதினொரு பேரின் புள்ளி குறைந்தால் அவர்களுக்கு அநியாயம். ஆகவே இரண்டில் கூடியதை எடுப்பது என்று எழுத வேண்டும். தலைவரிடம் கேளுங்கள்.

பெயரும் உங்கள் சிவப்பு மையும் தெரியாமல் இருக்கத் தாளை ஒட்டி மறைக்கத் தொடங்கியிருக்கிறோம். பன்னிரண்டு கொப்பி, முப்பது பயிற்சி, முந்நூற்றறுபது துண்டு. பசை கிடைக்காததால் கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினோம். மறுநாள் பார்த்தால் எல்லாக் கொப்பியிலும் எறும்பு. அதிபர் ஒரு துணியை வைத்துக்கொண்டு தட்டித் தட்டி, "லியோனுக்கு எழுதும், அவருடைய கஞ்சப் புள்ளியை எறும்பும் தின்னேல்லை எண்டு" என்றார்.

திட்டத்தில் ஒரு விதியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். உறவினரின் கொப்பியையோ விடைத்தாளையோ எந்த ஆசிரியரும் திருத்தக்கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

உங்கள் தங்கச்சிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் வேலை.

அன்புடன்,
குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
20.11.1994

அன்புள்ள குணலட்சுமிக்கு,

நேற்று தலைவரிடம் என் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இரும்" என்றார்.

"என்ரை பெறாமகன், தம்பியின்ரை மகன், பேராதனையிலை என்னட்டைப் படிச்சவன். ரண்டு வருசம் நானும் உம்மைப்போலை குறைச்சுத்தான் போட்டனான். அவன் கெட்டிக்காரன், ஆனபடியா ஒண்டும் பிழைக்கேல்லை. ஆருக்கும் இதுவரைக்கும் சொன்னதில்லை" என்றார்.

எட்டு வருடமாக இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படிச் செய்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தொடர்ந்து, "எங்கடை ஆக்களுக்கு எடுத்துக் குடுத்தால் களவு எண்டு தெரியும். அவையளிட்டை எடுத்தால் அதுவும் களவு எண்டு தெரியாமல் போச்சு" என்றார். பரீட்சகர் பட்டியலில் என் பெயரை வெட்டவில்லை. விலங்கியலில் இந்தத் தொகுதிக்கு மட்டும் நான் ஒன்றிலும் கை வைக்கக்கூடாது என்று எழுதினார். கூடிய புள்ளியை எடுக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார். உங்கள் புதிய விதியை வாசித்து, "இதை எழுதினது ஆர்? நல்லாத் தெரிஞ்ச ஆள்தான் எழுதியிருக்கு" என்று சிரித்தார்.

வெளியே வந்து காலிவீதியில் பஸ் எடுக்காமல் நடந்தே வந்தேன். அவ்வளவு இலேசாக இருந்தது.

யசிந்தாவுக்கு எழுதிவிட்டேன். நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாம் தடவை அரைப் பக்கம். செய்ததைச் சொன்னேன், ஏன் செய்தேன் என்று சொன்னேன், மன்னிக்கும்படி கேட்டேன். அவளிடம் இருந்து பதில் வரவில்லை. கப்பல் தபால்தானே பிந்துகிறது என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கண்டால் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
லியோன்

---

அச்சுவேலி,
06.01.1995

அன்புள்ள லியோன்,

சேர் என்பதை விட்டுவிட்டேன். நீங்கள் மிஸ்ஸை விட்ட பிறகு நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

முதலில் புள்ளி. தியாகலிங்கம் சேர் மார்கழி முழுவதும் திருத்தினார். நானே சைக்கிளில் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் பட்டியலைத் தந்துவிட்டு, "ஒன்பதாம் கொப்பிக்காரன் ஆர்? மீனின்ரை செவுளை உப்பிடிக் கீற, மீனைக் கையிலை பிடிச்ச ஆளாலைதான் ஏலும்" என்றார். ஒன்பதாம் கொப்பி எது என்று எனக்குத் தெரியும். நானும் அதிபரும்தானே இலக்கம் போட்டோம். என்றாலும் முகத்தில் காட்டாமல், "எவ்வளவு சேர்?" என்றேன்.

அறுபத்தைந்து.

நீங்கள் மனதில் போட்டதைவிட மூன்று கூட. அதாவது குறைக்காமல் போட்டிருந்தாலும் நீங்கள் கஞ்சன்தான். மற்றப் பதினொரு பேருக்கும் உங்களைவிட நாலு, ஐந்து கூடப் போட்டிருக்கிறார். ஒருவருக்கும் நட்டமில்லை. திரும்பி வரும் வழியில் மானிப்பாய்ச் சந்தியில் இறங்கி ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். எனக்கு அழுகையும் வந்தது, ஏப்பமும் வந்தது.

இனி யசிந்தா. நேற்றுப் பின்னேரம் போனேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். புள்ளியைச் சொன்னதும் துடைப்பானைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். உங்கள் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கிடைச்சது மிஸ். எப்பிடிப் பதில் எழுதுறதெண்டுதான் தெரியேல்லை" என்றாள். "அண்ணை குறைக்கிறவர் எண்டு எனக்கு அப்பவே தெரியும். பக்கத்திலை இருந்த பிள்ளை என்ரை படத்தைப் பாத்துக் கீறிப்போட்டு ஏழு வாங்குவா. எனக்கு ஐஞ்சு. ஒருநாள் அழுதுகொண்டு போய் அம்மாட்டைச் சொன்னனான்."

"அம்மா என்ன சொன்னவ?"

"கொண்ணை பயந்து போயிருக்கிறான், அவனை ஒண்டும் கேளாதை எண்டு சொன்னவ. அதாலை நான் கேக்கேல்லை."

பிறகு, "அண்ணைக்குக் கோபமில்லை எண்டு எழுதுங்கோ மிஸ். கோபம் இருந்தது. மூண்டு வருசம் இருந்தது. கடிதத்தை வாசிச்ச அண்டைக்கு முடிஞ்சுது" என்றாள். தானும் எழுதுவாளாம். உங்கள் அம்மா அடுப்படிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு இரண்டு அப்பம் சுட்டுத் தந்தார். மூன்றாவதும் வைத்தார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன், பன்னிரண்டு பேரோடும். இனி உங்கள் குழு இறுதியாக நிறைவேற்ற வேண்டும். சண்டையை நிறுத்தப்போவதாக இரண்டு பக்கமும் சொல்கிறார்கள், இந்தச் சமாதானம் எத்தனை நாளைக்கோ தெரியாது. சுணக்க வேண்டாம்.

அன்புடன்,
குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
09.02.1995

அன்புள்ள குணலட்சுமி,

இன்று முடிந்தது. பின்னேரமே எழுதுகிறேன், நாளைக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப.

புதிய திட்டம் முழுவதும் காலையிலேயே நிறைவேறிவிட்டது. வரும் ஐப்பசியில் முதலாம் அரையாண்டு தொடங்கலாம். பதினேழு வாரம் உட்பட. மத்தியானத்துக்குப் பிறகு பழைய தொகுதியின் பட்டியலை எடுத்தார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "நீர் கொஞ்சம் வெளியிலை நிக்கோணும்" என்றார். எழுந்து போனேன். அவரே எழுந்து வந்து கதவைச் சாத்தப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, பாதியிலே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

உள்ளே இருந்தது இரண்டே பேர். ஆனால் தலைவர் கோயில் திருவிழாவில் உபயகாரர் பெயர் வாசிப்பது போல உரத்து வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு மற்றவர் "சித்தி" என்றார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு விரலை மடித்தேன். எட்டு. ஒன்பது. பத்தாவது, "யசிந்தா சந்தியோகு". மற்றவர் பட்டியலைப் பார்த்து ஏதோ மெல்லக் கேட்டார். நான் மடித்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காகிதம் புரட்டுகிற சத்தம். பிறகு, "சித்தி. இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு."

அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டோடு தம்பிராசா வந்தார். முப்பது வருடமாக அந்த அலுவலகத்தில் தேநீர் கொடுப்பவர். பரீட்சை முடிவு நாளில் அழுகிற ஆட்களை நிறையக் கண்டவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சேர், ஆரும் பெயிலோ?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"இல்லை, தம்பிராசா. என்ரை தங்கச்சி பாஸ்."

அன்புடன்,
லியோன்